பிலோமினா கேட்ட முதல் கேள்வி

பிலோமினா போய்விட்ட செய்தி எனக்கு ஒரு ரோஜாப்பூவாக வந்தது. நெலமங்கலம் தாண்டி ஒரு டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகும்போது போன் விடாமல் துடித்தது. ஓரம் கட்டிப் பார்த்தேன். நம் டிரெய்லர் கிளப் வாட்ஸ்அப் குரூப்பில் இதழ் இதழாக விரிகிற ஒரு ரோஜா, அதன் கீழே கும்பிடும் கைகள், அதற்கும் கீழே இன்னும் கும்பிடும் கைகள். செத்தது யார் என்று தெரிந்துகொள்ள மேலே மேலே தள்ளிப் போக வேண்டியிருந்தது. காலையில் பிரேசர் டவுன் வீட்டில் காபிக்கு அடுப்பு பற்ற வைத்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், அவ்வளவுதான். முதல் ரோஜாவை அனுப்பியது யார் என்றும் பார்த்தேன். பார்த்ததும் போனைச் சீட்டில் எறிந்தேன். அந்த ஆளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கிளப் போடும் நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டும் என்றார்கள். மனசுக்கு இதமாக எழுதுங்க குமார் என்றும் சொல்லிவைத்தார்கள். எனக்கு இதமாக எழுத வராது. பிலோமினாவுக்கும் இதமாகப் பேச வந்ததில்லை, அவரோடு பழகிய உங்களுக்கு அது தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹெண்ணூர் பக்கம் எங்கள் பட்டறை. பைக் ஏற்றிப் போகிற கேம்பிங் டிரெய்லர் செய்கிறோம். முன்பாதி குட்டி வீடு, பின்பாதி பைக் கொட்டகை, பின்கதவைச் சாய்த்தால் அதன் மேலேயே பைக்கை ஏற்றலாம். பணம் போட்டது முதலாளி. வெல்டிங் மஞ்சுநாத். இழுத்துப் பார்ப்பதும் வாங்கியவர்களோடு ஓட்டிப் போவதும் நான். எந்தச் சாமான் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது பிலோமினா. அவர் கணக்கு தப்பினால் சாலையில் உருளப் போவது நான்தான்.

வாங்க வருகிறவர்கள் போனில் ஏதாவது ஒரு வெளிநாட்டுப் படத்தோடு வருவார்கள். கிரானைட் சமையல் மேடை, பின்கோடியில் ஷவர், கூரையில் ஏசி, அதோடு இரண்டு பெரிய பைக்கும் வேண்டும். பிலோமினா படத்தைப் பார்க்கவே மாட்டார். அவருடைய முதல் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். "டாய்லெட் டேங்க் ரொம்பினா யார் கொட்டுவீங்க?"

புருஷன் பெண்டாட்டியைப் பார்ப்பான். அவள் வெளியே நிற்கிற டிரைவரைப் பார்ப்பாள். டிரைவர் பக்கம் கண் போய்விட்டால் முடிந்தது. உங்களுக்கு டாய்லெட் இல்லாத வண்டிதான், வேண்டுமானால் ஒரு மண்வெட்டி சும்மாவே தருகிறேன் என்பார். கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்கள் உண்டு. நிரம்பிய தொட்டியை ஏரிக்கரையில் திறந்துவிட்டு வந்ததை ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னபோது, அவர் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கையிலிருந்து வாங்கிக் கீழே கொட்டினார் பிலோமினா. வீட்டுப் பாதிக்கும் பைக் பாதிக்கும் நடுவே சுவர் வேண்டாம், திறந்தபடி இருந்தால் விசாலமாக இருக்கும் என்று கேட்பவர்களுக்கும் இதே மரியாதைதான். பெட்ரோல் நாற்றத்தில் குழந்தையைத் தூங்க வைப்பீர்களா என்று கேட்டுவிட்டு ஒரு "ச்சீ" போடுவார். அந்தச் சீயை உங்களில் பலர் வாங்கியிருக்கிறீர்கள்.

எடைக்கு அவர் வைத்திருந்தது வீட்டில் ஏறி நின்று பார்க்கிற சாதாரண எடை மெஷின். காரோடு மாட்டும் முனையை அதன் மேல் இறக்கிப் பார்ப்பார். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அந்த முனையில் உட்கார வேண்டும், அதற்குக் குறைந்தால் வண்டி ஆடும். சாதாரண டிரெய்லரை ஒருமுறை எடை போட்டால் போதும். இதற்குப் போதாது. பைக்கை ஏற்றினால் முனை எழும்பும், இறக்கினால் காரின் பின்பக்கத்தைப் போட்டு அமுக்கும். தண்ணீர் இன்னும் மோசம். போகும்போது குடிதண்ணீர்த் தொட்டியில் இருந்தது திரும்பி வரும்போது கழிவுத் தொட்டியில் இருக்கும். "கட்டிலும் அடுப்பும் வெச்ச எடத்துல இருக்கும் குமார், பைக்கும் தண்ணியும் அப்படி இருக்காது. போற வண்டி வேற, வர்ற வண்டி வேற" என்பார். அதனால் புறப்படும் கோலத்திலும் திரும்பும் கோலத்திலும் தனித்தனியாக எடை போடுவார். இரண்டிலும் சரியாக வரும்வரை கேஸ் சிலிண்டரையும் ஸ்டெப்னியையும் இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு முறை சறுக்கினார், அதுவும் ஒரு வார்த்தையில். கழிவுத் தொட்டியை அச்சுக்கு முன்னால் வைக்கச் சொல்லி மஞ்சுவிடம் கன்னடத்தில் கத்தினார். "மஞ்சு, ஆ டேங்க் முந்தக்கே ஹாக்கு." நம் காதுக்கு அது முன்னால் போடு. கன்னடத்தில் அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு, பிறகு பார்க்கலாம், தள்ளிப்போடு என்று. மஞ்சு தொட்டியை மூலையில் தள்ளிப்போட்டுவிட்டு டீக்குப் போனான். கொடுக்க வேண்டிய நாளன்று பிலோமினா காய்ச்சலில் படுத்திருந்தார். அவசரத்தில் தொட்டி ஞாபகம் வந்து, காலியாகக் கிடந்த பின்கோடியில் அதைப் பொருத்திவிட்டான்.

அந்த வண்டியை வாங்கியவர்தான் முதல் ரோஜா அனுப்பியவர். காபி எஸ்டேட்காரர். சக்லேஷ்பூர் பக்கம் குடும்பத்தோடு போனார், வண்டியை இழுத்தது நான். போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பும்போது முன்னால் குடிதண்ணீர்த் தொட்டி காலி, பின்னால் கழிவுத் தொட்டி ரொம்பி வழிகிறது, அதோடு பின்பாதியில் இரண்டு பைக். இறக்கத்தில் டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பித்தது. காரின் பின்பக்கத்தைப் பிடித்து யாரோ உலுக்குவதுபோல் இருந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கார் பிரேக்கைத் தொடாமல், டிரெய்லருக்கென்று தனியாக உள்ள பிரேக்கை மட்டும் பிடித்து நிறுத்தினேன். அந்த ஆட்டத்தில் தொட்டியின் மூடி தெறித்து, பைக் கொட்டகை முழுக்கக் கழிவு. நாற்றம் சாலை வரை வந்தது.

போன் செய்தேன். காய்ச்சலோடு மஞ்சுவைக் கூட்டிக்கொண்டு மத்தியானம் வந்து இறங்கினார் பிலோமினா. அதுவரை எஸ்டேட்காரர் மூக்கில் கைக்குட்டையோடு தூரத்தில் நின்றிருந்தார். பிலோமினா இறங்கிய நேரத்தில்தான் என்னிடம் வந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "குமார், நீங்க ஜீவனஹள்ளிதானே? உங்க பக்கம் இதுக்கெல்லாம் ஆள் இருப்பாங்கல்ல, யாரையாவது வரச் சொல்லுங்களேன்."

என் அப்பா அந்த வேலை செய்தவர். அது இவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, ஏரியா பேர் போதுமாக இருந்தது. இத்தனை வருடம் கழித்து இதை எழுதும்போதும் அந்தக் கேள்விதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. சாலையில் கொட்டிக் கிடந்ததுகூட எனக்கு அப்படி இருக்கவில்லை.

பிலோமினா எஸ்டேட்காரரிடம் போனார். "டேங்க் எடம் மாறினது எங்க தப்பு, என் வாய்ல வந்த தப்பு. உள்ள இருந்தது உங்க குடும்பத்துது. வாங்க, ஆளுக்குப் பாதி கழுவலாம்" என்றார். எஸ்டேட்காரர் போய் காரில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

சுடிதாரை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு பிலோமினா உள்ளே போனார். காபி கோப்பையில் ஒரு எறும்பு மிதந்தால் அன்றைக்கு முழுக்கக் காபி குடிக்காத மனுஷி அவர். ஒரு வாளி தண்ணீருக்கு ஒரு ச்சீ. நடுவே வெளியே ஓடிவந்து புதர் ஓரம் வாந்தி எடுத்தார், வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார். மஞ்சுவைக் குழி மட்டும் வெட்ட விட்டார். நான் துடைப்பத்தில் கை வைத்தபோது பிடுங்கிக்கொண்டார். "நீ தொடாத குமார். நீ தொட்டா அவன் நெனச்சது சரின்னு ஆயிடும்."

அன்றோடு எங்கள் பட்டறையில் முன்னால் பின்னால் என்ற பேச்சு எந்த மொழியிலும் கிடையாது. மூக்கு, வாலு, அவ்வளவுதான். தமிழன் மூக்கு என்பான், மஞ்சு மூகு என்பான், பிலோமினா தன் மூக்கைத் தொட்டே காட்டுவார். இனி ஒருத்தனுக்கும் சந்தேகம் வரக்கூடாது என்பார்.

போன ஞாயிறு பட்டறை வாசலில் இரங்கல் கூட்டம். நீங்களும் வந்திருந்தீர்கள். ஷாமியானா நடுவில் புது டிரெய்லர், அதன் மூக்கில் மாலை போட்ட பிலோமினா படம். வால் பக்கம் "பிலோமினா ஸ்பெஷல்" என்று பெரிய ஸ்டிக்கர். எஸ்டேட்காரரும் எங்கள் முதலாளியும் சேர்ந்து கொண்டுவருகிற புது மாடலாம். எஸ்டேட்காரர் மைக்கைப் பிடித்தார். அவங்க எனக்கு அம்மா மாதிரி என்றார். பிறகு வண்டியின் பெருமை. கழிவுத் தொட்டியை வால் கோடியில் வைத்திருக்கிறோம், குடும்பத்தோடு போகிறவர்கள் கண்ணில்கூடப் படாது, நிரம்பினால் ஒரு போன் போதும், நம்ம ஆள் வந்து சுத்தம் செய்துவிட்டுப் போவான் என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். படத்தில் இருந்த பிலோமினாவைப் பார்க்க எனக்குக் கூசியது.

அடுத்து, வண்டியை இழுத்துக்கொண்டு ஒரு சுற்று வரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். பார்வைக்காக இரண்டு பைக் ஏற்றியிருந்தார்கள். நான் முனைக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன், ஒரு கையிலேயே எழும்பியது. உள்ளே போய் பிலோமினாவின் எடை மெஷினைக் கொண்டுவந்து மூக்கின் கீழே வைத்தேன். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை, தொட்டியோ இன்னும் காலி, ரொம்பினால் மூக்கு இன்னும் எழும்பும். முதலாளி என் காதோரம் வந்து, இன்னைக்கு வேண்டாம்ப்பா, மேடத்துக்கு மரியாதை பண்ற நாளு என்றார்.

மைக் பக்கத்திலேயே இருந்தது. நான் எடுத்துக் கேட்டேன். "டேங்க் ரொம்பினா யார் கொட்டுவீங்க?"

எஸ்டேட்காரர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி மஞ்சுவைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, நீங்கள் எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள்.

கார் சாவியை மேஜை மேல் வைத்தேன். வண்டியின் வால் பக்கம் போய் அந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். கடைசி வார்த்தை கிழிந்துவிட்டது, பிலோமினா என்ற பேர் மட்டும் முழுசாகக் கையில் வந்தது. நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியும் அந்த எடை மெஷினும்தான். பேரை மெஷின் மேலேயே ஒட்டிவிட்டேன், மூக்கு வந்து உட்காருகிற இடத்தில்.