குட்டிக் கதவு வைத்த கோர்ட்

என் மகள் எதைப் படித்துச் சொன்னாலும் இன்னொரு முறை படிக்கச் சொல்கிறேன். அம்மாவுக்கு என்மேல் நம்பிக்கையே இல்லை என்று கோபித்துக்கொள்கிறாள். ஒன்பது வயதில் நான் படித்துச் சொன்னது அவளுக்குத் தெரியாது.

அப்போது ஷார்ஜாவில், முவைலாவில் இருந்தோம். ஒரு வாரமாக நான் அறைக்குள் வந்தால் பேச்சு நின்றது. அம்மா பீரோவிலிருந்து காகிதங்களை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். அப்பா ஏதோ தப்புச் செய்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். பள்ளிக்கு லீவு போடவைத்து அவர் என்னைக் கோர்ட்டுக்கு அழைத்துப் போனபோது சந்தேகம் உறுதியாகிவிட்டது.

அப்பாவுக்கு விசா கொடுத்த அரபி முதலாளி, அதாவது கஃபீலுடைய ஊர் அது, கடலோரச் சிற்றூர். கோர்ட் ஒரு பழைய கோட்டைக்குள் இருந்தது. கடற்பாறையை அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய தடித்த சுவர்கள். மூலையில் ஒரு காற்றுக் கோபுரம். ஆணிகள் அடித்த பெரிய கதவின் வயிற்றில் ஒரு குட்டிக் கதவு. பெரியதைத் திறப்பதேயில்லை. யாரானாலும் குனிந்துதான் நுழைய வேண்டும்.

எனக்கு வேடிக்கை காட்டுவதாக நினைத்து அப்பா சொன்னார்: "கீழ் ரூமெல்லாம் முன்ன ஜெயிலாம் பாப்பா. அந்தா பாரு, சங்கிலி மாட்டுன வளையம் இன்னும் செவுத்துல இருக்கு."

இருந்தது. குனிந்து உள்ளே போனவர்களை எண்ணத் தொடங்கினேன். ஒருவரும் திரும்பி வரவில்லை.

கதவருகே அன்றைய பெயர்ப்பட்டியலை ஒட்டினார்கள். முழுக்க அரபி.

"உன் ஸ்கூல் அரபிக்கு இன்னைக்குத்தான் வேலை வந்திருக்கு. நம்ம பேரு இருக்கான்னு பாரு."

நான்காவது வரியில் இருந்தது. எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தேன்.

"இல்லப்பா."

அடுத்த பட்டியல் வரும் என்று அப்பா வெயிலில் காத்திருந்தார். மதியம் கதவைச் சாத்த வந்த காவலர் அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்து, பட்டியலின் நான்காவது வரியில் விரலை வைத்தார். "கலாஸ்" என்றார், முடிந்துவிட்டதாம். உள்ளே கூப்பிட்டபோது ஆள் வராததால் வழக்கு தள்ளுபடியாகியிருந்தது.

அப்பா திட்டவில்லை. பஸ்ஸில்தான் கேட்டார்: "கண்ணுல படலியா பாப்பா?"

"படலப்பா."

வழக்குப் போட்டவரே அப்பாதான். கஃபீல் பிடித்து வைத்திருந்த பாஸ்போர்ட்டைக் கேட்டுப் போட்டது. மறுபடி மனுக் கொடுத்து அது கைக்கு வருவதற்குள், அவருக்காகக் காத்திருந்த நல்ல வேலை வேறொருவருக்குப் போயிருந்தது. நானும் அம்மாவும் ஊருக்கு வந்துவிட்டோம். அப்பா ஆறு வருடம் தொழிலாளர் கேம்ப்பில் தனியாக இருந்தார். அந்த நான்காவது வரியைப் பற்றி இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

கோட்டைக்குக் கடல் பக்கமாக இன்னொரு வாசல் உண்டு என்று பின்னொரு நாள் பேச்சுவாக்கில் அவரே சொன்னார். உள்ளே போய் வேலை முடிந்தவர்கள் அந்த வழியாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள்.