பூசைக்கு அணைத்த கம்ப்யூட்டர்

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அப்படியும் சேதராப்பட்டில் அட்டைப்பெட்டிக் கம்பெனி போட்டேன். ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த மெஷினில் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்வேன். மெக்கானிக்குகள் என்னைக் கேட்டுத்தான் கழற்றுவார்கள். பசையும் பின் ஊசியும் இல்லாமல், மடித்தால் தானே பூட்டிக்கொள்ளும் பெட்டி ஒன்றை நானே கண்டுபிடித்தேன்.

அந்தப் பெட்டிகளை எங்களிடம் வாங்கிவந்த பெரிய கம்பெனி, சென்னையிலிருந்தபடியே எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேரை ஏற்றியிருந்தது. வரைபடங்களை அதற்குள்தான் வைக்க வேண்டும். பிறகு அவர்கள் பெட்டி செய்ய வேறு ஆளைப் பிடித்தார்கள். அவர்கள் காசில் செய்த, அட்டை வெட்டும் அச்சை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மிஞ்சியது என் பெட்டியின் வரைபடம். அதை நம்பி, இன்னொரு கம்பெனிக்கு ஒரு வாரத்தில் மாதிரி தருவதாக ஒப்புக்கொண்டேன். அந்த ஆர்டர் இல்லையென்றால் கம்பெனிக்குப் பூட்டுதான்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் எங்கள் வழக்கப்படி கம்பெனியில் பூசை. அன்றைக்கென்று சென்னைக்காரர்கள் அங்கிருந்தே தங்கள் சாஃப்ட்வேரை எங்கள் கம்ப்யூட்டரிலிருந்து நீக்கிக்கொண்டிருந்தார்கள். வரைபடத்தை ஒதுக்கி வைத்து, கடைசியில் திருப்பிப் போடுவதாகப் போனில் சொன்னார்கள்.

"சார், இன்னும் ஓடிக்கினு இருக்குது, அணைக்காதீங்க" என்றாள் வரைபடம் போடும் பெண்.

"சாமி கும்புடற நேரத்துல ஒரு மெஷினும் ஓடக்கூடாதும்மா. முப்பது வருசமா அப்படித்தான்."

மெயின் சுவிட்சை இறக்கினேன். யூபிஎஸ்ஸையும் நானே அணைத்தேன். திரைக்குக் குங்குமம் வைத்தேன்.

மறுபடி போட்டபோது கம்ப்யூட்டர் கம்பெனியின் சின்னம் வந்து அப்படியே நின்றது. டவுனில் உப்பளம் பகுதியிலிருந்து கம்ப்யூட்டர் மெக்கானிக்கை வரவழைத்தேன். ஏதோ விசையைத் தட்டித் தட்டிக் கறுப்புத் திரைக்குள் போனார்.

"அவங்க சாஃப்ட்வேர பாதி எடுத்துட்டு நின்னுட்டுருக்குதுங்க. மிச்சம் ஒவ்வொரு தடவையும் சென்னையத் தேடுது. கெடைக்கல, அதான் மேல ஏற மாட்டேங்குது."

அந்த மிச்சத்தையும் அவர் பிடுங்கி எறிய, கம்ப்யூட்டர் எழுந்தது. வரைபடம் இருந்த இடம் காலி. எத்தனை விதமாகத் தேடியும் கிடைக்கவில்லை.

சென்னைக்குப் போன் போட்டேன். "உங்க சப்ளையர் நம்பரே எங்க லிஸ்ட்ல இல்லீங்களே, ஐயா" என்றது ஒரு குரல். மரியாதையாகத்தான் சொன்னது.

கம்பெனியில் மாதிரிக்குக்கூட ஒரு பெட்டி மிஞ்சவில்லை. வெளியில் ஒன்றாவது கிடைத்தால் பிரித்து அளந்துவிடலாம் என்று பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். பூக்காரம்மா ஒருத்தி சாமந்தி கொட்டி வைத்திருந்தது என் பெட்டியில்தான். டேப்பை எடுத்தேன்.

"என்னா பெருசு, பூ வாங்க வந்துட்டு பொட்டிய அளக்கற?"

"இது நான் செஞ்ச பொட்டிம்மா."

"நீயா செஞ்ச? அடியில பிச்சிக்கினு போவுது, பாரு."

தண்ணீர் தெளித்துத் தெளித்து அட்டை ஊறிப் போயிருந்தது. ஒரு நூல் அளவு பிசகினாலும் பூட்டாது அந்த மடிப்பு. டேப்பை வைத்த இடத்தில் அது கூழாகக் கையோடு வந்தது. இரண்டு தரம் அளந்தேன். இரண்டு அளவு வந்தது.