குறிச்சொல் கேட்ட கொமந்தாந்தே

1. லண்டனிலிருந்து மகள் தொலைபேசியில் அழைத்தார்.
2. தந்தை அந்த வாரக் குறிச்சொல்லைச் சொல்லி, மறுமொழி கேட்டார்.
3. "அப்பா, நான்தான்" என்றார் மகள்.
4. "எதிரியும் அப்படித்தான் சொல்வான்" என்று தந்தை அழைப்பைத் துண்டித்தார்.
5. மகள் என் அம்மாவை அழைத்தார். அப்பாவுக்கு மூளை குழம்பிவிட்டது, அடுத்த வாரம் வந்து இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கப் போகிறேன் என்றார்.

ஐந்தாவதில் சொன்னது நடந்தால் அம்மாவுக்கு வேலை இல்லை. அந்த வீட்டைப் பார்ப்பதும் சமைப்பதும் அம்மாதான்.

தளபதி என்ற பொருளில் கொமந்தாந்தே என்று எல்லோரும் அழைக்கும் அந்த முதியவர் பிரித்தானியக் கடற்படையில் சமிக்ஞை அதிகாரியாக இருந்தவர். முதலில் விளக்கை மின்னவைத்து மோர்ஸ் கற்றார். பிறகு கொடிகள், வானொலி, சங்கேதம். தெற்கு அத்திலாந்திக் போரில் அவருடைய பெரிய சாதனை, எதிரிக்குக் கேட்காதபடி கப்பல் வானொலியில் ஒரு சொல்லும் வெளியே போகாமல் பார்த்துக்கொண்டது. அதற்கு ஒரு பதக்கமும் கிடைத்தது.

"சும்மா இருந்ததுக்கோ பதக்கம் குடுத்தவை?" என்று அம்மா கேட்டார். மொழிபெயர்த்தேன்.

"மிகச் சரியான சுருக்கம்" என்றார் கொமந்தாந்தே.

சிசிலிக்கார மனைவி இறந்த பிறகும் சிசிலித் தீவின் போர்கோ வெக்கியோ சந்தைக்கு மேலே, மூன்றாம் மாடியிலேயே தங்கிவிட்டார். தொலைபேசியில் பேரன் போலப் பேசி முதியவர்களை ஏமாற்றுகிறார்கள் என்று செய்தியில் கேட்டதும் கடற்படை முறையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். திங்கட்கிழமைதோறும் புதிதாக ஒரு குறிச்சொல், அதற்கு ஒரு மறுமொழி, இரண்டும் இத்தாலிய மொழியில். மகளுக்கும் அனுப்புவார், மகள் படிப்பதில்லை.

வாசல் மணி பழுது. அதனால் காலையில் அம்மா தெருவில் நிற்பார். கொமந்தாந்தே பால்கனியிலிருந்து குறிச்சொல்லைச் சொல்வார், அம்மா மறுமொழி சொல்வார், வாசல் கதவின் திறப்பு கயிறு கட்டிய கூடையில் இறங்கும். பல வருடம் ஹெட்போன் மாட்டியதில் அவருக்குக் காது மந்தம்; அம்மா கத்த வேண்டும். இதில் என்ன பிழை என்று சங்கேதத்திலேயே வாழ்ந்த அவருக்கும் தோன்றவில்லை, தொலைத்தொடர்புப் பொறியியல் படித்த எனக்கும் தோன்றவில்லை.

மகள் வந்த காலையில் அம்மாவோடு நானும் மேலே இருந்தேன். மகள் பெட்டியோடு கீழே நின்றார்.

"கத்தரிக்காய்" என்றார் கொமந்தாந்தே.

"அப்பா, வெயில் சுடுகிறது."

"அது மறுமொழி அல்ல."

"பெத்த பிள்ளையை வெயிலிலை நிப்பாட்டிப்போட்டு... நான் கூடையை இறக்கிறன்" என்றார் அம்மா. கொமந்தாந்தே கயிற்றை விடவில்லை.

கீழே மீன்காரர் கத்தியைத் துடைத்தபடி, "சிஞ்ஞோரா, இந்தக் கிழமை மறுமொழி எக்காளம்" என்றார்.

"ஓம், எக்காளம்தான்" என்று மரக்கறிக்காரி உறுதிப்படுத்தினார்.

"போன கிழமை ஆமை. அது இதைவிட நல்லாயிருந்தது" என்றார் ரொட்டி சுடும் பாண்கடைக்காரர்.

கொமந்தாந்தே கயிற்றைத் தளர்த்தினார், கூடை இறங்கியது. உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"சங்கேதத்தில் குறையில்லை" என்று என்னிடம் விளக்கினார். "ஒலிபரப்பு வலுதான் கூடிவிட்டது."

மகள் மேலே வர நேரமானது. மீன்காரர் அவரைப் பிடித்துவைத்துக் கதை சொல்லியிருக்கிறார். குளிர்காலத்தில் ஒரு காலை, அம்மா கீழே நின்று எவ்வளவு கூப்பிட்டும் பால்கனியில் ஆள் இல்லை. மீன்காரரும் பாண்கடைக்காரரும் கதவை உடைத்துக்கொண்டு ஏறினார்கள். கொமந்தாந்தே நல்ல தூக்கத்தில் இருந்தார். எழுந்ததும் குடையை ஓங்கினார்.

மகள் தந்தையின் எதிரில் உட்கார்ந்தார். "இங்கிலாந்தில் ஒருநாள் உங்கள் சத்தமே இல்லாவிட்டால் யார் கதவை உடைப்பார்கள்?"

"யாரும் உடைக்கமாட்டார்கள். அது ஒழுங்கான நாடு."

மகள் வெகுநேரம் சிரித்தார். பிறகு பெட்டியைத் திறந்து, இல்லத்தின் விளக்கப் புத்தகத்தை மேசையில் வைக்காமல் குப்பைக் கூடையில் போட்டார்.

கொமந்தாந்தே இப்போதும் போர்கோ வெக்கியோவில்தான் இருக்கிறார். அம்மா வேலைக்குப் போய்வருகிறார். வருடத்துக்கு இரண்டு முறை மகள் வந்து தங்குவதென்று முடிவாகியிருக்கிறது.