பெரிய டாக்டருக்குக் கிடைத்த அபூர்வ நோய்

அறுபதுகளில் பம்பாயில் ஓர் ஆஸ்பத்திரியின் பெதாலஜி பிரிவில் எனக்கு வேலை. ஆபரேஷனில் வெட்டி எடுத்த சதைத்துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, கேன்சரா இல்லையா என்று சொல்ல வேண்டும். சொன்னதைக் கேட்கிறார்களா என்பது வேறு விஷயம்.

தாராவியில் லேத் பட்டறைத் தொழிலாளி சுடலைமுத்து. மாதக்கணக்கில் இடுப்புவலி. எலும்பு டாக்டர் எலும்புக் கோளாறு என்றார். நெஞ்சு டாக்டர் டி.பி. என்றார். அவரவர் கடையில் உள்ள சரக்கைத்தானே விற்பார்கள்? சிறுநீர் குறைந்துகொண்டே வந்த பிறகு, மாட்டுங்காத் தமிழரான எங்கள் பெரிய சர்ஜன் வயிற்றைத் திறந்தார். பெரிய ரத்தக்குழாயைச் சுற்றி வெள்ளையாக, கெட்டியாக ஏதோ படர்ந்திருந்தது. ஒரு துண்டை எனக்கு அனுப்பிவிட்டு வயிற்றைத் தைத்து மூடினார். என் பதில் வருவதற்குள்ளேயே, "கேன்சர். ஊருக்கு அழைச்சிண்டு போயிடுங்கோ" என்று கைகழுவியும் விட்டார்.

சுடலைமுத்துவின் மனைவி பேச்சியம்மாள் அசையவில்லை. என்னிடம் வந்து நின்றாள். "வண்டியிலயே உசுரு போயிட்டுன்னா நான் என்ன செய்வேன் டாக்டரம்மா? நாங்க இங்கனதான் கிடப்போம்."

ஸ்லைடில் கேன்சர் இல்லை. வெறும் அழற்சியும் தழும்பும்தான். வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகையில் மட்டும் நான் படித்திருந்த நோய். அது இரண்டு சிறுநீர்க் குழாய்களையும் நெரித்துக்கொண்டிருந்தது. உடனே பிரித்துவிட்டால் ஆள் பிழைப்பார், இல்லையென்றால் கிட்னி போய்விடும்.

சர்ஜனிடம் ஓடினேன்.

"நான் கையால தொட்டுப் பார்த்தேம்மா. கல்லாட்டம் இருந்தது. உனக்குப் பார்க்கத் தெரியலை."

"உங்க கை மைக்ராஸ்கோப் இல்லையே, சார்."

முகம் சிவந்துவிட்டது. இனி நியாயம் பேசிப் பயனில்லை என்று வேறு வழியில் போனேன். "சார், இது ரொம்ப அபூர்வம். பம்பாயில யாருமே இதைப் பத்தி எழுதலை. நீங்கதான் முதல்ல எழுதணும்." யாராவது எழுதியிருக்கிறார்களா என்று நான் தேடிப் பார்க்கவே இல்லை.

"யாருமே எழுதலையா? நிஜமாவா?" நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

மறுநாள் முதல் ஆபரேஷன் சுடலைமுத்துவுக்குத்தான். குழாய்களைப் பூப்போலப் பிரித்தெடுத்தார். நல்ல கை, அதைச் சொல்லியாக வேண்டும். சிறுநீர் பாட்டில் நிறைந்ததைப் பேச்சியம்மாள் வார்டு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு டாக்டர்கள் கூட்டத்தில், வயிற்றைத் திறந்தபோதே தமக்குச் சந்தேகம் தட்டியதாக சர்ஜன் ஆங்கிலத்தில் முழங்கினார். ஒரே கைதட்டல். நானும் தட்டினேன்.

இளம் டாக்டர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மேலதிகாரி தப்பை ஒப்புக்கொள்வார் என்று காத்திருக்காதீர்கள், அதற்குள் நோயாளி செத்துப்போவார். ஆனால் என் வித்தையிலும் ஓட்டை உண்டு. சுடலைமுத்துவுக்கு வந்தது அபூர்வ நோய், பிழைத்தார். அதே வார்டில் சாதாரண நோயோடு படுத்திருந்தவர்களுக்காக அந்த மனிதரிடம் நான் என்ன சொல்லியிருக்க முடியும்?