சுண்டலின் மஞ்சள் பல்லும் என் தயிர்சாதமும்

போன செவ்வாய்க்கிழமை காலை சுண்டல் சாப்பிடவில்லை. சுண்டல் என்பது எங்கள் இரும்புலியூர் வீட்டு ஹாம்ஸ்டர், கூண்டில் வளரும் எலி மாதிரி ஒரு குட்டிப் பிராணி. ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் நிலாவுக்கு அதுதான் உயிர்.

தயிர்சாதத்தின் பக்கத்தில் வருகிறது, முகர்கிறது, வாயில் வைக்கிறது… சோறு கீழே விழுகிறது. மறுபடி வைக்கிறது, மறுபடி விழுகிறது.

"செத்துருமாப்பா?" என்றாள் நிலா.

அவளுக்கு ஸ்கூல் லீவு, எனக்கு ஆபீஸ் லீவு. கூண்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் சேலையூர் கால்நடை டாக்டரிடம் ஓடினோம்.

டாக்டரம்மா சுண்டலின் வாயைத் திறந்து பார்த்தார். "முன்பல்லு எவ்ளோ நீளமா வளந்துருக்கு பாருங்க சார். எப்படிச் சாப்பிடும்? என்ன குடுக்கறீங்க?"

பெருமையாகவே சொன்னேன் — குழைத்த தயிர்சாதம், ஊறவைத்த இட்லி. கடையில் கொடுத்த கெட்டித் தீனியையும் கடிக்கிற மரக்கட்டையையும் எப்போதோ எடுத்துவிட்டேன். பல் மஞ்சளாக இருந்ததே… சொத்தை என்று நினைத்தேன். வாயில்லா ஜீவன், வலிக்காதா?

"ஹாம்ஸ்டருக்குப் பல்லு மஞ்சளாத்தான் சார் இருக்கும். முன்பல்லு ஆயுசுக்கும் வளந்துகிட்டே இருக்கும். கெட்டியா கடிச்சுக் கடிச்சு அதுவே தேய்ச்சுக்கணும். நீங்க அதுக்கு வேலையே வைக்கல."

பக்குவமாகப் பல்லை வெட்டிவிட்டார். "வீட்ல நெயில் கட்டர்லாம் எடுத்துறாதீங்க. பல்லு பிளந்துரும்" என்றார். நான் அதையும் யோசித்திருந்தேன் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ…

நம் வீடுகளில் பாசம் என்றால் என்ன? குழைப்பதுதானே. கெட்டியாக எதையாவது நீட்டினால் கல்நெஞ்சக்காரன் என்பார்கள். நான் பாசத்தைக் காட்டித்தான் அந்தச் சின்ன உயிரைப் பட்டினி போட்டிருக்கிறேன். ஆட்டோவில் திரும்பும்போது வெட்கமாக இருந்தது.

இப்போது கெட்டித் தீனி திரும்பிவிட்டது. டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு மரத்திலிருந்து மருந்தடிக்காத கொய்யாக் குச்சியும் வாங்கிக் கழுவிக் காயவைத்துப் போட்டிருக்கிறோம். எந்நேரமும் கறுக் கறுக் சத்தம். டிவியில் நியூஸ் காதில் விழுவதில்லை. பரவாயில்லை, நியூஸைவிட இது நிம்மதியாக இருக்கிறது.

நேற்று வழக்கம்போல நிலாவுக்கு ரசம்சாதம் பிசைந்து, உருட்டி, வாயருகே கொண்டுபோனேன். பன்னிரண்டு வயது… இன்னும் நான்தான் ஊட்டுகிறேன் என்று உங்களிடம் சொல்லவில்லை, இல்லையா?

கூண்டைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கும் பல் இருக்குப்பா."