'இரண்டாம்' என்ற எண்ணும் ராப் கன்னிசனின் விசிலும்

ராப் கன்னிசனுக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை நீளும். ஸ்காட்லாந்தில் பால்மெரிக் கல்குவாரியில் வெடி வைப்பது அவன் வேலை. அவன் உடைத்ததில் பாதி பாறை, மீதி பல் என்று ஊரில் சொல்வோம்.

புது ராணியின் பட்டங்களை மாற்றியமைக்க லண்டன் நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்த வருஷம் அது. 'இரண்டாம் எலிசபெத்' என்ற பேர் மட்டும் அப்படியே நின்றது. முதலாம் எலிசபெத் இங்கிலாந்துக்காரி, எங்களை ஒரு நாளும் ஆண்டதில்லை. எதிர்த்து வாக்களிப்பேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போன எங்கள் தொகுதி உறுப்பினர், அங்கே எல்லோரோடும் சேர்ந்து தலையாட்டிவிட்டுத் திரும்பினார். ஊர் மன்றத்தில் விளக்கம் சொல்ல எழுந்தவரின் முகத்தில் ராப் நாற்காலியால் அடித்தான். மேசைவிரிப்பெல்லாம் ரத்தம்.

"நமக்கு முதலாமவளே கிடையாது. ரெண்டாமவ எங்கேருந்துய்யா வந்தா?" என்றான்.

கொஞ்ச நாளில் கடைத்தெருவில் புதுத் தபால் பெட்டி நட்டார்கள். இரும்பில் கிரீடம், அதற்குக் கீழே 'இரண்டாம்' என்ற அதே எண். ராப் அதில் தார் பூசினான். எதிர்வீட்டு நெட்டி மஃபட் சுரண்டிக் கழுவினாள். அவள் புருஷன் போரில் ராஜா பேரைச் சொல்லிச் செத்தவன். கிரீடத்தில் யார் கை வைத்தாலும் அது புருஷன் கல்லறையில் கை வைத்த மாதிரிதான் அவளுக்கு. அடுத்து ராப் சம்மட்டியோடு வந்தான். அவள் வாளியால் அவன் மண்டையைப் பிளந்தாள்.

"இன்னொரு தடவை வாடா, கையை முறிச்சு அடுப்புல வைக்கிறேன்."

"காவல் காக்கிறியே, ராணி சம்பளம் குடுக்கிறாளா?" என்று ரத்தத்தைத் துடைத்தபடி கேட்டான். அன்று இரவே மறுபடி தார் பூசினான். அதோடும் ஆத்திரம் அடங்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஊரே தேவாலயத்தில் இருந்த நேரம். ராப் பெட்டியின் வாய்க்குள் வெடியைத் திணித்து, திரியைப் பற்றவைத்துவிட்டு, சுவருக்குப் பின்னால் பதுங்கினான். ஜனங்கள் வெளியே வருவதற்குள் தாரைக் கழுவிவிட வேண்டும் என்று நெட்டி பிரசங்கத்தில் பாதியில் எழுந்து வந்திருந்தாள். வாளியும் பிரஷும் கையுமாகச் சந்திலிருந்து வந்தவள் பெட்டியை நெருங்கிவிட்டாள்.

ராப் கத்தியிருக்கலாம். ஆனால் இத்தனை வருஷப் பழக்கம், குவாரியில் வெடிக்குமுன் ஊதும் கழுத்து விசிலுக்குக் கை தானாகப் போனது. மூன்று முறை ஊதினான்.

எங்கள் ஊரில் நடக்கப் பழகும்போதே சொல்லித் தருவது இது: விசில் கேட்டால் எதிரே இருக்கும் கல்லுக்கோ இரும்புக்கோ பின்னால் ஒண்டு. நெட்டி கண நேரம் யோசிக்கவில்லை. குவாரிப் பக்கம் பார்த்துக்கொண்டே தபால் பெட்டியின் மறைவில் குந்தி, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

ராப் ஓடினான். அவள் முடியைப் பிடித்துத் தரையோடு இழுத்தான். முகத்தில் அறைந்தாள், கடித்தாள். விடாமல் இழுத்துப்போய் அவள்மேல் விழுந்தபோது பெட்டி வெடித்தது. பறந்த இரும்புத் துண்டு அவன் வலது கையை மணிக்கட்டோடு கொண்டுபோனது. நெட்டியின் இரண்டு காதிலும் ரத்தம் வழிந்தது.

அவன் சிறையிலிருந்து திரும்பியபோது அங்கே வேறு பெட்டி நின்றது. கிரீடம் இருந்தது, எண் இல்லை. ஜெயித்துவிட்டாய் என்று ஆட்கள் மது வாங்கிக் கொடுத்தார்கள். அவன் குடிக்காமல் எழுந்து போனான்.

அன்றைக்கே குவாரியில் விசில் ஊதியது. தெருவே சுவரோரம் ஒதுங்கியது, நெட்டி மட்டும் நடுவீதியில் கூடையோடு நடந்துகொண்டிருந்தாள். ராப் ஓடிப்போய் இடது கையால் அவளை வாசலுக்குள் இழுத்தான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். தன் குரல் தனக்கே கேட்காததால் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"ஊதிட்டாங்களாடா?"

அவன் தலையை ஆட்டினான். சாகும்வரை ஒவ்வொரு விசிலுக்கும் அவன் அப்படி ஓட வேண்டியிருந்தது.