சுண்டையில் காய்த்த கத்திரி

மலையூரான ரிங்லெட்டின் சந்தையில் இன்று யாரோ நசுக்கிய சுண்டைக்காயின் பச்சை வாடை, எழுபதுகளில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளுக்குப் பின்புறம் முள்ளோடு மண்டிக் கிடந்த சுண்டைப் புதருக்கு என்னைக் கொண்டுபோனது. நட்ட கத்திரியெல்லாம் மழையில் வேரழுகிச் செத்ததால், அம்மா எந்த மழைக்கும் அழுகாத சுண்டையின் தண்டை, அப்பா தேயிலைச் செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தியால் பிளந்து, அதில் கத்திரிக் கொழுந்தைச் செருகி, சேலைக் கிழிசலால் இறுகக் கட்டினாள்.

“முள்ளுச் செடியில கத்திரிக்காயா? காய்ச்சா ஒரு வாரம் உன் வூட்டுக்கு நான் தண்ணி தூக்குறேன்லா!” என்று சிரித்தாள் பக்கத்து வீட்டு அஞ்சலைப் பெரியம்மா.

“வாளியக் கழுவி வைங்கக்கா,” என்றாள் அம்மா.

பள்ளி விட்டதும் புதருக்கு ஓடிப்போய், கொழுந்து வாடாமல் நிற்பதையும் ஊதாப் பூ விரிவதையும் பார்த்து நின்ற மாலைகளுக்குப் பிறகு, முள்ளுக்கு நடுவே பளபளவென்று கத்திரிக்காய்கள் தொங்கின.

மறுநாள் பெரியம்மா எங்கள் வாசலில் நின்றாள். ஒரு கையில் தண்ணீர் வாளி, இன்னொரு கையில் காலி மங்குக் கிண்ணம்.

“குழம்பு வெச்சிட்டியாடி?”